கணமும் நாளும்

நம் வீடுகளில் புகைப்படங்கள் இருக்கின்றன. நம் புகைப்படங்களில் வீடு இல்லை. கூடத்துச் சுவரில் மாட்டியிருப்பவற்றை ஒருமுறை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். கல்யாணக் கோலத்தில் ஒரு ஜோடி, சஷ்டியப்தபூர்த்தி மாலையோடு இன்னொரு ஜோடி, பட்டமளிப்பு அங்கியில் மகன், குங்குமப் பொட்டு வைத்து மாலை போட்ட, இப்போது இல்லாத ஒருவர். இவர்கள் எல்லோரும் இந்த வீட்டில்தான் புழங்கினார்கள். ஆனால் அடுப்பங்கரைக்கும் துணிக்கொடிக்கும், மத்தியானம் தரையில் தலையணை இல்லாமல் படுத்துக் கிடந்த பெண்ணுக்கும் சட்டத்துக்குள் இடம் கிடைக்கவில்லை. படம் என்பது நமக்கு வைபவத்தின் சாட்சி. வைபவம் இல்லாத நாளுக்குச் சாட்சி தேவையில்லை என்று தீர்மானித்திருக்கிறோம். யாரும் கூடிப் பேசி எடுத்த தீர்மானம் இல்லை இது. அதனால்தான் இவ்வளவு உறுதியாக நிற்கிறது.

கருவி நமக்குத் தாமதமாக வந்தது என்ற சமாதானம் செல்லாது. சென்னையில் 1856லேயே அலெக்ஸாண்டர் ஹன்டர் முயற்சியில் புகைப்படச் சங்கம் தோன்றிவிட்டது. 1858இல் லின்னேயஸ் ட்ரைப் தஞ்சையையும் மதுரையையும் படமெடுத்துக்கொண்டிருந்தார். கோயில் படமாயிற்று, கோட்டை படமாயிற்று, சாதி மாதிரிகளாக நிறுத்தி வைக்கப்பட்ட மனிதர்கள் படமானார்கள். பிறகு ஸ்டூடியோ வந்தது. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களின் பழைய படங்களைத் தேடிச் சேர்த்து மின்பிரதி எடுத்து வைத்திருக்கிறது. இம்மாதிரிப் படங்களைப் பார்த்துக்கொண்டே போனால் ஒரு விஷயம் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். திரைச்சீலையில் எழுதிய தூணும் படிக்கட்டும், வளைந்த கால் மேஜை, மேஜைமேல் யாரும் படிக்காத ஒரு புத்தகம், கடிகாரம் தெரிய வைத்துக்கொண்ட மணிக்கட்டு. ஒருவன் குடும்பஸ்தன் என்று நிரூபிப்பதற்குக் குடும்பத்தோடு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியிருந்தது. வீடு இல்லாத இடத்தில்தான் குடும்பப் படம் சாத்தியம்.

பாரதியின் புகைப்படங்களாக நமக்கு மிஞ்சியவை ஐந்து என்பார்கள். எல்லாம் காமிராவுக்கு முகம் கொடுத்து நின்றவை, உட்கார்ந்தவை. புதுச்சேரியில் பத்து வருஷம் ஒரு மனிதன் எந்த மூலையில் உட்கார்ந்து எழுதினான், விளக்கு எங்கே இருந்தது, செல்லம்மாள் கதவின் எந்தப் பக்கம் நின்று கூப்பிட்டாள் என்று எந்தப் படமும் சொல்லாது. 1918 நவம்பரில் அவர் புதுச்சேரியை விட்டு வந்தபோது பிடித்து அடைத்தது எங்கள் கடலூர்ச் சிறையில். அதற்கு ஆவணம் இருக்கிறது. போலீஸ் குறிப்பெடுத்துக்கொண்ட அளவுக்குக்கூட வீடு தன்னைப் பற்றிக் குறிப்பெடுத்துக்கொள்ளவில்லை.

காசு இல்லை, ஃபிலிம் விலை அதிகம் என்பார்கள். வாஸ்தவம். நம் பெற்றோர் காலத்து அக்ஃபா கிளிக் காமிராவில் ஒரு சுருளுக்கு 12 படம். பொங்கலுக்கு இரண்டு, பிறந்த நாளுக்கு இரண்டு, மிச்சத்தைத் தீபாவளி வரை காமிராவுக்குள்ளேயே பூட்டி வைப்பது. ஃபிலிம் உள்நாட்டிலேயே கிடைக்கட்டும் என்று ஊட்டியில் 1960இல் அரசாங்கம் ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸைத் தொடங்கி 'இந்து' என்ற பெயரில் விற்றது. அந்த ஆலை இன்று மூடிக் கிடக்கிறது. ஃபிலிமே போய்விட்டது. எல்லார் சட்டைப் பையிலும் காமிரா வந்துவிட்டது, படத்துக்குச் செலவு பூஜ்யம். செலவு மட்டும்தான் தடை என்றால் இப்போது வீடு படங்களுக்குள் வந்திருக்க வேண்டும். வந்ததா? கேக் வெட்டுவது வந்திருக்கிறது. புதுப்புடவை வந்திருக்கிறது. இலையில் பரிமாறி, சாப்பிடத் தொடங்கும்முன் எடுத்த பிரியாணி வந்திருக்கிறது. வைபவம் கிடைக்காத இடத்தில் தட்டையே வைபவமாக்கிக்கொண்டோம். சாப்பிட்டு முடித்த தட்டு இன்னும் வரவில்லை. மாறியது கருவி. கண் பழைய ஸ்டூடியோவிலேயே நின்றுகொண்டிருக்கிறது.

இதற்கு நேர் எதிரே இருப்பதாகச் சொல்லிக்கொள்கிறவர்கள் கலைப் புகைப்படக்காரர்கள். ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் கிளம்பி பிச்சாவரத்துக்குப் போவார்கள் - சுரபுன்னை வேர், படகு, துடுப்பில் சொட்டும் ஒளி. அல்லது தேவனாம்பட்டினம் போய் வலை வீசுகிறவனைச் சூரியனுக்கு முன்னால் கறுப்பு உருவமாக நிறுத்துவார்கள். அப்புறம் ஒரு கிழவியின் முகச் சுருக்கங்கள். கிழவி எந்த ஊர், பெயர் என்ன, காலையில் என்ன சாப்பிட்டாள் என்பது பரிசுக் குழுவுக்கு வேண்டியதில்லை. சுருக்கங்கள் தெளிவாக விழுந்திருக்கின்றனவா என்பதே பிரச்சினை. இவர்களுக்கும் வீட்டில் ஒரு கிழவி இருக்கிறாள். அவளைத் தாண்டிக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சப்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டுத்தான் வேறொரு கிழவியைத் தேடிப் போகிறார்கள். அழகு வெளியூரில் இருக்கிறது என்ற நம்பிக்கையும் அழகு முகூர்த்தத்தில் இருக்கிறது என்ற நம்பிக்கையும் ஒரே வயிற்றில் பிறந்தவை. இரண்டுமே சாதாரண நாளைக் கண்டு அஞ்சுகின்றன.

தமிழ் உரைநடை இந்தப் பயத்தை எப்போதோ கடந்துவிட்டது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். புதுமைப்பித்தன் பிறந்தது திருப்பாதிரிப்புலியூரில். ஜெயகாந்தன் பிறந்தது மஞ்சக்குப்பத்தில். மௌனி பல வருஷங்கள் வாழ்ந்து 1985இல் மறைந்தது சிதம்பரத்தில். ஊர்ப் பெருமைக்காகச் சொல்லவில்லை. இந்த மூவரின் எழுத்திலும் குடித்தனம் என்பது பின்னணித் திரைச்சீலை இல்லை, விஷயமே அதுதான் அல்லது விஷயம் அதிலிருந்துதான் கிளம்புகிறது. எனினும் சாதாரண நாளை அணுகுவதில் நம் உரைநடையில் இரண்டு வழிகள் இருக்கின்றன. மௌனியின் வழி, காத்திருக்கும் வழி. அன்றாடத்தின் மேல்தோல் ஒரு கணம் விலகி உள்ளே இருப்பது தெரியும்வரை அவர் பேனாவைத் தொடுவதில்லை. வாழ்நாளில் இருபத்து நான்கு கதைகள். அசோகமித்திரனின் வழி வேறு. 'தண்ணீர்' நாவலில் குழாயில் தண்ணீர் வராத நாளும் வருகிற நாளும் ஒன்றன்பின் ஒன்றாகப் போகின்றன. எந்த ஒரு நாளும் தன்னளவில் ஒளிர்வதில்லை. கூட்டிப் பார்க்கும்போதுதான் ஒரு தெருவின் வாழ்க்கை எழுந்து நிற்கிறது. முன்னது கணத்தின் கலை. பின்னது நாளின் கலை.

புகைப்படத்தின் நவீன சித்தாந்தம் பெரும்பாலும் கணத்தின் பக்கமே சாய்ந்தது. கார்ட்டியே-ப்ரெஸ்ஸோன் 1952இல் வெளியிட்ட புத்தகத்தின் ஆங்கிலத் தலைப்பிலிருந்து 'தீர்மானமான கணம்' என்ற கோஷம் உலகமெங்கும் பரவிற்று. அவர் பெரிய கலைஞர் என்பதில் தகராறு இல்லை. ஆனால் கோஷமாகிவிட்ட பின் அது செய்த காரியம், தீர்மானமில்லாத கணங்களைக் குப்பையாக்கியது. வீட்டில் தீர்மானமான கணம் வருஷத்துக்கு எத்தனை தடவை வரும்? பாத்திரம் கழுவுவதில் எது உச்சம்? குழந்தைக்கு ஜுரம் நூற்றொன்றிலிருந்து நூறுக்கு இறங்கியது எந்த வினாடியில்? வீட்டின் காலம் உச்சங்களால் ஆனது இல்லை. திரும்பத் திரும்ப நிகழ்வதும், திரும்பும்போது மயிரிழை மாறுவதுமே அதன் இயல்பு. அந்த மாற்றத்தை ஒற்றைப் படம் காட்டாது. இரண்டு படம் காட்டலாம். இருநூறு படம் நிச்சயம் காட்டும்.

ஆகவேதான் தினம் ஒரு படம் என்பதை வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. இதற்கு உலகத்தில் ஒரு தீவிரமான உதாரணம் உண்டு. நியூயார்க்கில் ஜேமி லிவிங்ஸ்டன் என்பவர் 1979 மார்ச் 31 முதல் தினம் ஒரு போலராய்டு படம் எடுத்தார். போலராய்டில் நெகடிவ் கிடையாது, திருத்த முடியாது, அன்றைய படம் வெளியே வந்ததோடு சரி. 1997 அக்டோபர் 25இல், தம் 41ஆம் பிறந்த நாளில், அவர் புற்றுநோயால் இறக்கும்வரை இது நடந்தது. மொத்தம் 6,697 படங்கள் என்று கணக்கு. நாட்களைக் கூட்டிப் பார்த்தால் 6,784 வருகிறது. தொழில் புத்தி, நாள் முடிவில் கணக்கு டேலி ஆகாமல் வீட்டுக்குப் போக முடியாத உத்தியோகம் எனக்கு. அந்த 87 எடுக்காமல் விட்டவையோ தொலைந்தவையோ, அந்தப் பள்ளங்கள்கூட அந்தத் தொகுதியின் பாகம்தான். படங்களில் பாதிக்கு மேல் சுமாரானவை. சிநேகிதர்கள், சாப்பாட்டு மேஜை, டெலிவிஷன், காலியான ஒரு மூலை. கடைசி வருஷத்தில் ஆஸ்பத்திரி வருகிறது, கல்யாணம் வருகிறது. முந்தைய பதினேழு வருஷத்தின் சுமார் படங்கள் எல்லாம் திடீரென்று வேறு எடை பெறுகின்றன. அவற்றை எடுத்தபோது இந்த எடை அவருக்குத் தெரியாது. தெரியாமல் எடுத்ததால்தான் இந்த எடை.

இன்னொரு உதாரணம், இதைவிடக் கறாரானது. தைவானில் பிறந்து நியூயார்க்குக்குப் போன டெஹ்சிங் ஷியே 1980 ஏப்ரலிலிருந்து ஒரு வருஷம், இரவு பகல் பாராமல், ஒவ்வொரு மணிக்கும் ஆலைத் தொழிலாளி வருகை பதிக்கும் கடிகாரத்தில் அட்டை குத்தினார். ஒவ்வொரு தடவையும் சினிமா காமிரா அவரை ஒரு பிரேம் எடுத்தது. 8,760 மணிகள். தவறியவை 133. அதில் தூங்கிப்போனது 94, தாமதமாக வந்தது 29, முன்னதாக வந்தது 10. தவறியதற்கும் தலைப்புவாரியாகக் கணக்கு வைத்திருக்கிறார். மொட்டை அடித்துக்கொண்டு தொடங்கியவரின் முடி, ஓடவிட்டால் ஆறு நிமிஷமே வரும் படத்தில் வளர்ந்துகொண்டே போகிறது. வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுப் பிழைக்கிறவர்களுக்கு இதைப் பார்த்ததும் அடிவயிற்றில் ஏதோ செய்யும். பதிவேடு நம் காலத்தை எடுத்துக்கொள்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். பதிவேட்டையே வைத்துக்கொண்டு ஒருவன் தன் காலத்தைத் தனக்குக் காட்டிக்கொண்டான்.

மேல்நாட்டு விஷயம் என்று இதைக் கேட்டு யாராவது உதட்டைப் பிதுக்கினால், கடலூரிலிருந்து வடக்கே ஒரு மணி நேரத்தில் புதுச்சேரி. அங்கே ஆனந்தரங்கப் பிள்ளை 1736 செப்டம்பரில் தொடங்கி, 1761 ஜனவரியில் தாம் இறப்பதற்குச் சற்று முன்வரை எழுதிய நாட்குறிப்பின் பெயரே தினப்படி சேதிக் குறிப்பு. துபாஷியின் கணக்குப் புத்தி அது. கப்பல் வந்தது, சரக்கு இறங்கியது, யார் யாருக்கு என்ன சன்மானம், என்ன சகுனம், யார் பொய் சொன்னார்கள். 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்ததும், ஆங்கிலேயர் தலைமையிடம் எங்கள் ஊர்ப் புனித டேவிட் கோட்டைக்கு நகர்ந்ததும், அந்தக் குறிப்பில் சில்லறை விஷயங்களோடு சில்லறையாக, அதே மையில், அதே கையெழுத்தில் வருகிறது. எது சரித்திரம், எது சில்லறை என்று அன்றைக்கு எழுதியவன் தரம் பிரிக்கவில்லை. பிரித்திருந்தால் நமக்குக் கிடைத்திருப்பது துப்ளேக்ஸின் இன்னொரு வாழ்த்துப்பா. தினப்படி என்ற வடிவத்தின் அறம் இதுதான் என்று நினைக்கிறேன். முக்கியத்துவத்தைத் தீர்ப்பளிக்கும் உரிமையைத் தன்னிடமிருந்து எடுத்து எதிர்காலத்திடம் கொடுத்துவிடுவது. தமிழுக்கு இது அந்நியம் என்று சொல்ல வாய் வராது. எழுத்தில் செய்ததைக் கண்ணால் செய்யத் தவறியிருக்கிறோம், அவ்வளவுதான்.

இந்தியாவில் வீட்டுக்குள் காமிராவை வைத்துக்கொண்டு அறுபது வருஷம் வாழ்ந்த ஒரு மனிதர் இருந்திருக்கிறார். உம்ராவ் சிங் ஷேர்கில் (1870-1954). ஓவியர் அம்ரிதா ஷேர்கிலின் தகப்பனார் என்பதாகத்தான் வெகுகாலம் அறியப்பட்டார். சமஸ்கிருதமும் பாரசீகமும் படித்தவர். ஹங்கேரியப் பெண்ணை மணந்தவர். புடாபெஸ்டிலும் சிம்லாவிலும் பாரிஸிலும் குடித்தனம். உத்தியோகம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. மனைவியையும் இரண்டு பெண்களையும், எல்லாவற்றுக்கும் மேலாகத் தன்னையும் படமெடுத்துக்கொண்டே இருந்தார். புத்தகக் குவியலுக்கு நடுவில் தான், பட்டினி கிடந்தபின் இடுப்புத் துணியோடு தான், யோகாசனத்தில் தான், நரைத்துப்போன தான். பெண்கள் வேஷம் போட்டுக்கொண்டும் கண்ணாடி முன்னாலும் இருக்கிறார்கள். 1941இல் அம்ரிதா இருபத்தெட்டு வயதில் செத்துப்போனார். 1948இல் மனைவி தற்கொலை செய்துகொண்டார். அதைத் தெரிந்துகொண்டு திரும்பப் பார்த்தால் பியானோவுக்கு முன் உட்கார்ந்திருக்கும் அந்த அம்மாள் முகத்திலிருந்து கண்ணை எடுக்க முடிவதில்லை.

இந்தப் படங்களின் பலம், வீட்டுத் தலைவன் தன்னையும் பார்வைப் பொருளாக்கிக்கொண்டது. நம் குடும்பப் படங்களில் தகப்பன் நாற்காலியில் விறைத்துக்கொண்டு இருப்பான், அல்லது காமிராவுக்குப் பின்னால் இருப்பான். உம்ராவ் சிங் வெற்றுடம்போடு, விலா எலும்பு தெரிய, ஒன்றும் சாதிக்காத ஒரு ஆண்பிள்ளையாக நிற்கிறார். அந்தத் துணிவு சாமானியமானது இல்லை. பலவீனம், அவருடைய வீடு கடைசிவரை ஒரு மேடை. எல்லோரும் தாங்கள் பார்க்கப்படுவதை அறிந்தே இருக்கிறார்கள். நான் பார்த்த படங்களில் சமையற்கட்டு ஒன்றுகூட இல்லை. அறுபது வருஷம் சாப்பிடாமலா இருந்தார்கள்? ஸ்டூடியோவின் திரைச்சீலையைக் கழற்றி எறிந்த மனிதர், தம் வரவேற்பறையையே திரைச்சீலையாக்கிக்கொண்டார் என்று தோன்றுகிறது.

இந்தக் கதைக்கு ஒரு தமிழ்க் கிளை உண்டு. இளைய பெண் இந்திரா மணந்தது கே.வி.கே. சுந்தரத்தை, பின்னால் இந்தியாவின் இரண்டாவது தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்தவர். அவர்கள் மகன் விவான் சுந்தரம் (2023இல் மறைந்தார்) 2001 வாக்கில் தாத்தாவின் படங்களைக் கணினியில் ஒன்றோடொன்று கோத்துப் புதிய படங்களாக்கினார். வேறு வேறு வருஷத்து மனிதர்கள் ஒரே அறையில் சந்திக்கிறார்கள்; தகப்பனும் மகளும் ஒரே வயதில் எதிரெதிரே நிற்கிறார்கள். மிகுந்த அறிவோடு செய்த வேலை. ஆனால் என் மனம் தாத்தாவின் பக்கமே போகிறது. பேரன் நாட்களைக் கணங்களாக்கிவிட்டார். சிதறிக் கிடந்தவற்றுக்குள் நாமே தட்டுத் தடுமாறி உறவு கண்டுபிடிக்கும் சிரமத்தை நமக்குப் பதிலாக அவரே பட்டுவிட்டார். அந்தச் சிரமம்தான் தினப்படிப் படத்தை ரசிக்கிறவனுக்குரிய கூலி.

இதுவரை எடுப்பவனைப் பற்றியே பேசியாயிற்று. எடுக்கப்படுகிறவர்? இந்தக் கேள்வியை ஒத்திப் போட்டுக்கொண்டு போனால் கட்டுரை முடிந்துவிடும், பிரச்சினை முடியாது. ஜப்பானியரான மசாஹிஸா ஃபுகாஸே மனைவி யோகோவை வருஷக் கணக்கில் படமெடுத்தவர். 1973இல் யோகோவே ஒரு புகைப்படப் பத்திரிகையில் எழுதினார் - பத்து வருஷமாக இந்த மனிதர் என்னைக் காமிரா வழியாக மட்டும்தான் பார்த்திருக்கிறார், என் படங்கள் என்று சொல்லப்படுபவை எல்லாம் அவருடைய படங்களே என்கிற அர்த்தத்தில். அடுத்த வருஷம் ஃபுகாஸே தினமும் காலையில், வேலைக்குக் கிளம்பும் யோகோவை மாடி ஜன்னலிலிருந்து எடுத்தார். கீழே நின்று அவர் நாக்கைத் துருத்துகிறார், சிரிக்கிறார், கத்துகிறார், கைகளை விரிக்கிறார், சில நாள் நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறார். ஒருத்தி தினமும் வீட்டை விட்டுப் போவதை ஒருவன் தினமும் எடுத்துக்கொண்டிருந்தான். 1976இல் விவாகரத்து. வீட்டைத் தினமும் படமெடுத்தால் வீட்டின்மீது அன்பு வளரும் என்று நம்புகிறவர்கள் இந்தத் தொகுதியைப் பக்கம் பக்கமாகப் பார்க்க வேண்டும்.

ஒரு வருஷத்துக்கும் மேலாக நானும் வீட்டில் தினம் ஒரு படம் எடுத்து வருகிறேன். மண்டபத்துக்கோ கடற்கரைக்கோ போவதில்லை, வாசற்படிக்கு உட்பட்டதுதான் என்பது நிபந்தனை. ஒரு நாள், ஊறவைத்த துணிகளின் நுரையில் வெயில் விழுந்துகொண்டிருந்தது. அதற்கு முன்னால் குந்திக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து என் மனைவி சொன்னாள்: "எல்லாத்தையும் படம் எடுக்கறீங்க. அதை யாரு அலசிப் பிழியறதாம்?" புகைப்படத்தைப் பற்றி இதுவரை நான் படித்த விமர்சனங்களில் இதைவிடச் சுருக்கமானது கிடையாது. வீட்டு வேலையை அழகாகப் பார்க்க முடிவது, அந்த வேலையைச் செய்யாதவனுக்குக் கிடைக்கும் சலுகை. நுரையில் வெயில் என்பது படிமம். நுரைக்கு அடியில் அழுக்குத் துணி. படிமம் மட்டும் கண்ணில் படுகிறவன் வீட்டில் விருந்தாளி. நம் கவிதையிலும் இந்த விருந்தாளிகளுக்குப் பஞ்சமில்லை. அம்மாவின் கரிப் பிடித்த கை, அம்மாவின் கிழிந்த முந்தானை என்று உருகுவார்கள். அம்மா அந்த நேரத்தில் என்ன யோசித்துக்கொண்டிருந்தாள் என்று கேட்டிருக்கமாட்டார்கள்.

அப்படியானால் காமிராவைக் கீழே வைத்துவிட வேண்டுமா? அப்படிச் சொல்வது நேர்மைபோலத் தெரியும், உண்மையில் சௌகரியம். படமெடுப்பதை விட்டுவிட்டுத் துணி துவைக்கவா போகிறான்? டெலிவிஷன் முன் உட்காருவான். பார்க்காமல் இருப்பது யாருக்கும் விடுதலை தந்ததில்லை. கவனிக்க வேண்டியது, எடுத்த படம் எடுத்தவனை ஏதாவது செய்கிறதா என்பது. மாதக் கடைசியில் முப்பது படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு கணக்கு வரும்: எத்தனையில் ஒருத்தி நின்றுகொண்டிருக்கிறாள், எத்தனையில் உட்கார்ந்திருக்கிறாள், எடுத்தவன் அப்போது எங்கே உட்கார்ந்திருந்தான். இந்தக் கணக்கைச் சித்திரம் வரைகிறவன் போட வேண்டியதில்லை, கவிஞன் போடாமல் தப்பித்துக்கொள்ளலாம். தினப்படிப் படம் எடுக்கிறவனுக்குத் தப்ப வழியில்லை. தேதி போட்டுச் சேர்ந்துகொண்டிருக்கிறது. முப்பது படங்கள் சேர்ந்தால் அது சாட்சியம்.

நம் வீடுகளில் தினப்படிக் கலை ஒன்று எப்போதும் இருந்திருக்கிறதே, கோலம் என்று ஒருவர் நினைவுபடுத்தலாம். விடியுமுன் போட்டு, பத்து மணிக்குள் சைக்கிளும் செருப்பும் அழித்து, மறுநாள் வேறு. சேமிப்பில்லை, கையெழுத்தில்லை, கண்காட்சியில்லை. சேர்த்து வைக்கும் வெறி பிடித்த புகைப்படத்துக்கு இதைவிட நல்ல எதிர்வாதம் கிடையாதுதான். ஆனால் இதையும் கண்ணை மூடிக்கொண்டு கொண்டாட நான் தயாராயில்லை. போடாவிட்டால் அசுபம் என்று கட்டிப்போட்ட கலை அது. ஜுரமானாலும் எழுந்து போட்டே ஆக வேண்டிய கலை. போட்டவளின் பெயர் மிஞ்சவில்லை என்பது பற்றற்ற ஞானத்தால் மட்டும் நேர்ந்ததில்லை. ஆயினும் கோலம் ஒன்றைக் கற்றுத் தருகிறது: இன்றைய கோலம் நேற்றையதைவிடச் சிறந்ததாக இருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. தினப்படிப் படம் எடுக்கிறவன் முதலில் உதற வேண்டியது, நேற்றைவிட நன்றாக எடுக்க வேண்டும் என்கிற ஆசையை. அந்த ஆசை வந்த மறுநாள் பிச்சாவரத்துக்குப் பஸ் ஏறிவிடுவான்.

இனி, சேமிப்பின் கதி. எங்கள் மாவட்டத்துக்குப் படங்களின் ஆயுள் பற்றிக் கொஞ்சம் தெரியும். 2004 டிசம்பர் 26 சுனாமி, 2011 டிசம்பர் 30 தானே புயல், 2015 கடைசியில் பெருவெள்ளம். தண்ணீர் வடிந்தபின் வீடுகளில் காயப்போட்டவற்றில் ஆல்பங்களும் உண்டு. ஒட்டிக்கொண்ட பக்கங்களைப் பிரித்தால் முகம் ஒரு பக்கத்திலும் உடம்பு இன்னொரு பக்கத்திலும் வந்தது. 2011 சுனாமிக்குப் பின் ஜப்பானில் தொண்டர்கள் சேற்றில் கிடைத்த லட்சக்கணக்கான குடும்பப் படங்களைத் தண்ணீரில் கழுவி, காயவைத்து, உரியவர்களைத் தேடிக் கொடுத்தார்கள். வீடு போனவர்கள் வந்து கேட்டது வீட்டுப் படங்களை. நமக்கு வெள்ளத்தில் போனவை கல்யாண ஆல்பங்கள். அவை போனாலும், யாராவது உறவுக்காரரிடம் ஒரு பிரதி இருக்கும். அந்தக் கூடம், அந்தத் துணிக்கொடி, அடுப்பு மேடைக்குமேல் கரி படிந்த அந்தச் சுவர் - இவற்றுக்கு எங்கும் பிரதி இல்லை, ஏனெனில் அசலே எடுக்கப்படவில்லை. வெள்ளம் வராமலே அவை போய்விட்டன.

செல்போன் காமிராவில் எடுப்பவை தண்ணீரில் போகா என்று நினைப்பவர்கள், தங்கள் கைப்பேசியில் ஐந்து வருஷத்துக்கு முந்தைய ஒரு செவ்வாய்க்கிழமையைத் தேடிப் பார்க்கலாம். பதினைந்தாயிரம் படங்களுக்குள் ஒரு படம் மூழ்குவதற்கு வெள்ளம் தேவையில்லை. எண்ணிக்கை பெருகப் பெருகப் பார்ப்பது குறைகிறது. லிவிங்ஸ்டனின் ஒரு நாளைக்கு ஒன்று என்ற வரம்பு சிக்கனத்துக்காக ஏற்பட்டதில்லை. ஒரு நாளுக்கு ஒரு படம் என்றால் அன்று முழுக்கக் கண் விழித்திருக்க வேண்டும்; எடுத்தபின்னும் விழித்திருக்க வேண்டும், எடுக்காமல் விட்டது என்ன என்பதற்காக. நூறு எடுக்கிறவன் தூங்கிக்கொண்டே எடுக்கலாம்.

இந்தப் பக்கங்களைப் படிக்கும் நண்பர்கள் பெரும்பாலும் எழுதுகிறவர்கள். அவர்களிடம் காமிராவைத் தூக்கச் சொல்ல எனக்கு அதிகாரமில்லை. ஆனால் ஒரு யோசனை சொல்லலாம். தூக்குகிறவர்கள் நாளுக்கு ஒன்றோடு நிறுத்தட்டும். தேதியும் இடமும் பின்னால் எழுதட்டும். பத்து வருஷத்துக்கு யாருக்கும் காட்டாமல் இருக்கட்டும், குறிப்பாகப் போட்டிகளுக்கு அனுப்பாமல். வாரத்தில் நான்கு நாளாவது காமிரா சமையற்கட்டில், அங்கே இருப்பவர் கையெட்டும் இடத்தில் இருக்கட்டும். அவர் எடுப்பதை ஃபோகஸ் இல்லை, சாய்ந்திருக்கிறது என்று திருத்தாமல் இருக்கட்டும். அந்தப் படங்களில் நாம் எப்படித் தெரிகிறோம் என்பது - பேப்பருக்குப் பின்னால், காபி டம்ளருக்குப் பின்னால், பாதித் தலையாக, பெரும்பாலும் உட்கார்ந்தபடி - தமிழில் இன்னும் எழுதப்படாத ஒரு விமர்சனமாக இருக்கும்.